தினமும் வருகிற விருந்தாளி

என் மகள் முதன்முதலாகப் பேசிய முழு வாக்கியம் தமிழில் இல்லை. "பானி காபோ" என்றாள். தண்ணீர் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். வங்காள மொழி பேசுகிறவர்கள் தண்ணீரையும் டீயையும் சாப்பிடத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடறீங்களா" என்றுதானே கேட்கிறோம்? எனக்கு அது வேற்று மொழியாகவே படவில்லை. இருந்தாலும் அன்று முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பல மொழி கேட்கும் குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகுமா, அம்மாவின் மொழி பின்னுக்குப் போய்விடுமா என்று தேடித் தேடிப் படித்தேன். நான் அப்படிப்பட்டவள். ஜுரம் இல்லாத நாளிலும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட பிறகு என் கைதான் சூடோ என்று சந்தேகப்படுவேன்.

அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தவளை என் மகள் 'காலா' என்று கூப்பிட்டாள். உருதுவில் சித்தி. நான் வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சித்தியை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டுப் பழகியதால் நானும் அவளைக் காலா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். வயதில் என்னைவிடச் சிறியவளாகக்கூட இருக்கலாம். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, வைட்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அஸ்ஸாமில் ஆற்றங்கரை ஊர் என்று சொன்னாள். ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்து வீட்டையும் தின்றுவிட்டதாம். புருஷனோடும் பெண்ணோடும் ரயிலேறி வந்துவிட்டாளாம்.

வாயாடி. என்னுடைய அரைகுறை உருதுவையும் அவளுடைய அரைகுறைத் தமிழையும் சேர்த்துப் பிசைந்து ஒரு மொழி எங்களுக்குள் உண்டாகியிருந்தது. நான் வைத்த குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "தீதி, இது கொழம்புல புளியா, புளியில கொழம்பா?" என்பாள். தீதி என்றால் அக்கா.

ஒரு சனிக்கிழமை மாலை நான்தான் மகளைக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். சறுக்குமரத்திலிருந்து இறங்கி ஓடி வந்து "பானி காபோ" என்றாள். பக்கத்து பிளாக் பெண்மணி ஒருவர் சிரித்து, "அட, பெங்காலி பேசறா! யாரு டீச்சர்?" என்று கேட்டார். "எங்க காலாதான்" என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். அவரும் தமிழர். இந்த ஊரிலேயே, ஜோகுபாளையத்தில் தலைமுறைகளாக இருந்த குடும்பம். அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். கன்னடத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து கன்னடத்துக்கும் அவர் போய் வரும்போது எங்கே தாண்டினார் என்றே தெரியாது. எனக்கு அதில் ஒரு பொறாமை உண்டு.

"வாம்மா, உக்காரு. ஸ்வல்ப டெலிகேட்டான விஷயம். உங்க வீட்ல கொழந்தைய பாத்துக்கற பொண்ணு, எந்தப் பக்கம்?"

"அஸ்ஸாம் சார். கேட்ல பதிவு பண்ணும்போதே ஆதார் குடுத்தாச்சே."

"ஆதார் யாருகிட்டம்மா இல்ல? அதெல்லாம் ஆயிரம் வழியில எடுக்கறாங்க."

"ஓட்டர் கார்டும் இருக்கு சார்."

"அதுவும் அஷ்டே, அவ்வளவுதான்."

"அப்ப எந்த பேப்பர காட்டினா ஒத்துக்குவீங்க?"

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒரு வீட்டுக் குறிப்பைச் சொல்லித் தருவதுபோல் சொன்னார். "பேப்பர் எதுக்கும்மா? நாக்கு இருக்கே. தண்ணிக்கு என்ன சொல்றாங்கன்னு கேளு. ஜோல்னு சொன்னா நம்ம ஆளு. பானின்னு சொன்னா பார்டருக்கு அந்தப் பக்கம்."

"இந்தி பேசறவங்க எல்லாருமே பானின்னுதானே சார் சொல்றாங்க? நம்ம காம்ப்ளெக்ஸ்ல பாதிப் பேர்..."

"அவங்க இந்திம்மா. அது பேரெ, வேற. நான் சொல்றது பெங்காலி பேசிக்கிட்டே பானின்னு சொல்றவங்கள. உன் கொழந்தையே பானிங்குதாமே."

கைப்பேசியில் பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிய என் மகளின் முதல் வாக்கியம், காலாவுக்கு எதிரான சாட்சியாக அந்த மேஜையில் இருந்தது. இந்த வார இறுதிக்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படியும், இல்லையென்றால் காலாவின் நுழைவு அனுமதி ரத்தாகிவிடும் என்றும் சொன்னார். கமிட்டி முடிவு, தன்னுடையது அல்ல என்றார். நான் என்ன செய்தேன்? "சரி சார், பாக்கறேன்" என்றேன். பெரியவர் ஒருவர் சொன்னால் முதலில் சரி என்று சொல்லிவிடும் நாக்கு எனக்கு.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள் பானி என்றே சொல்வார்களாம். அஸ்ஸாமிய மொழியிலேயே தண்ணீர் பானிதானாம். பெரிய கண்டுபிடிப்புபோல அதைச் செயலாளருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "அதைத்தான்மா நானும் சொல்றேன்."

அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்திருப்பேனோ. அவர் எல்லையைப் பற்றிப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாலை கணவரிடம் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கத்தியை நிறுத்தவில்லை.

"நாமளே பொழைக்க வந்தவங்கடி. இதுல போய் நாம மாட்டணுமா? வேற ஆள் பாத்துக்கலாம்."

"நாளைக்கு நம்மள வெளிய போன்னு சொன்னா?"

"நமக்கு ஆபீஸ் இருக்கு."

"அவளுக்கு நாமதானே இருக்கோம்?"

நறுக்கிய காயைத் தட்டில் தள்ளினார். "ஒருவேளை நிஜமாவே அந்தப் பக்கத்து ஆளா இருந்தா?"

இந்தக் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். அன்றைக்கும் செய்யவில்லை. எனக்குப் பதில் தெரியாது. இப்போதும் தெரியாது. நாட்டுக்கு எல்லையே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு எனக்குத் தைரியமும் இல்லை, அப்படி நான் நினைக்கவும் இல்லை. நானும் இரவில் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, போட்டேனா என்று மறுபடி பார்க்கிறவள்தான். யார் வரலாம், யார் இருக்கலாம் என்று ஓர் அரசு கேட்கட்டும். அதற்கு அலுவலகம் இருக்கிறது, விசாரணை இருக்கிறது, தப்பாகிவிட்டால் மேலே போய் முறையிட ஒரு கோர்ட்டு இருக்கிறது. அவையும் தவறு செய்கின்றன, ஆனாலும் போய் நிற்க ஓர் இடமாவது இருக்கிறது. விளையாட்டுத் திடலில் எழும் சந்தேகத்துக்கு எங்கே போய் முறையிடுவது? சறுக்குமரத்திடமா? ஆறு தின்றுவிட்ட வீட்டுக்குப் பட்டா கேட்கிறோம், பேப்பர் காட்டினால் பேப்பரை நம்ப மாட்டோம் என்கிறோம், பிறகு வாயைத் திறந்து காட்டு என்கிறோம். கூடி வாழ்வதற்கு ஒழுங்கு வேண்டும் என்று கமிட்டி சொல்கிறது. யாரோடு கூடி?

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அன்று இருந்தது குழப்பம் மட்டும். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பாமல் காலா பேசுவதையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல் வருகிறது, எப்படி வருகிறது என்று. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன தீதி பாக்குற? நான் ஆலு திருடுறேனா?"

சொல்லிவிட்டேன். செயலாளர் சொன்னதையும், பானியையும், ஜோலையும். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைத்தேன். அவள் சிரித்தாள்.

"இவ்ளோதானா? ஜோல்னு சொல்லிட்டா போச்சு. ஜோல், ஜோல், ஜோல். வாய் என்ன சுளுக்கிக்குமா? பாப்பாவுக்கும் மாத்தி சொல்லித் தரேன்."

உடனே தொடங்கியும்விட்டாள். மகளை மடியில் உட்காரவைத்து, டம்ளரைக் காட்டி, "போலோ, ஜோல்" என்றாள். மகள் "பானி" என்றாள். "பானி இல்ல பாப்பா. ஜோல்." மகள் டம்ளருக்குக் கை நீட்டினாள். காலா டம்ளரைப் பின்னுக்கு இழுத்து, "ஜோல் சொல்லு, தரேன்" என்றாள். விளையாட்டாகத்தான். ஆனால் மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு ஒன்றைக் கொடுத்தவளே அதைப் பிடுங்குகிறாள் என்பதை அந்த வயதிலும் முகம் காட்டியது. "பானி! பானி!" என்று கத்தி, கால்களை உதைத்து, அழுகையில் மூச்சுத் திணறினாள். காலா அப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். டம்ளரை மட்டும் விடவில்லை.

நான் டம்ளரை வாங்கி மகளுக்குக் கொடுத்தேன். "மாத்த வேணாம் காலா" என்றேன். "இந்த வீட்ல பானிதான்."

"வீட்ல பானி, கேட்ல ஜோல். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல தீதி."

"எனக்குக் கஷ்டம்."

நான் அவ்வளவு உரக்கப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

சொன்னபடியே அடுத்த வாரம் அனுமதியை ரத்து செய்தார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லாமே கைப்பேசிச் செயலி வழிதான். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஓர் எண். அதைச் சொன்னால்தான் கேட் திறக்கும். காலாவின் எண் சிவப்பாகிவிட்டது. கேட்டிலிருந்து போன் செய்தாள். பின்னணியில் வண்டிச் சத்தம். அலுவலகக் கூட்டம் தொடங்க இன்னும் சிறிது நேரம்தான் இருந்தது, மகள் இடுப்பில் இருந்தாள். செயலியை அழுத்தி அழுத்திப் பார்த்தபோது, வருபவர் யார் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அந்தச் சொல் கண்ணில் பட்டது. கூரியர், டாக்சி, பழுது பார்ப்பவர், விருந்தாளி.

விருந்தாளிக்கு ஆதார் கேட்பதில்லை. எங்கள் பெற்றோருக்கு யாராவது கேட்டார்களா?

விருந்தாளி என்று அழுத்தினேன். கேட் திறந்தது.

விருந்தாளிகளுக்கு வேறு லிஃப்ட். கண்ணாடி வைத்தது, முகப்பில் செடி வைத்த வரவேற்பறை வழியாக வருவது. வேலைக்கு வருகிறவர்கள் பின்பக்கம் குப்பை இறங்கும் லிஃப்டில் வர வேண்டும் என்பது விதி. காலா அன்று முதல்முறையாக முன்பக்கமாக வந்து இறங்கினாள். கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கெஸ்ட் வந்திருக்கேன். சாய் எங்க?"

"காலா, எனக்கு மீட்டிங்..."

"கெஸ்டுக்கு சாய் குடுக்காம மீட்டிங்கா? உங்க தமிள் ஆளுங்க இப்டித்தானா தீதி?"

டீ போட்டேன். கூட்டத்துக்குத் தாமதம். அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அந்த டீயை முழுதும் சாப்பிட்டுவிட்டு, டம்ளரை என்னிடமே நீட்டிவிட்டு, பிறகுதான் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

சில நாள் இப்படியே நடந்தது. தினமும் வருகிற விருந்தாளியைப் பற்றி வாட்ஸப் குழுவில் யாரோ எழுதினார்கள். யார் பெயரும் சொல்லாமல்தான், ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி. குழந்தைகளின் பாதுகாப்பு என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். என் குழந்தையும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. நான் பிடிவாதத்துக்காக அவளை வைத்துப் பந்தயம் கட்டுகிறேனா? பிறகு காலாவின் தோளில் எச்சில் வழியத் தூங்கும் அவளைப் பார்த்தேன். அவளுடைய பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காமலேயே குழுவில் முடிவு செய்துவிட்டார்கள்.

அப்புறம் விருந்தாளி வழியையும் அடைத்தார்கள். காலாவின் போன் எண்ணைப் போட்டாலே செயலி ஏற்க மறுத்தது. சங்க விதிகளை ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். குடியிருப்பவர் நேரில் வந்து அழைத்துப்போகும் எவரையும் காவலர் தடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. கீழே இறங்கினேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

கேட்டில் காலா வெளியே நின்றாள். செயலாளர் உள்ளே நின்றார். காலை நேரம், அலுவலக கேப்களும் பள்ளி வேன்களும் வரிசையாக நின்றன. நடுவில் காவலர், ஒடிசாக்காரர், கையில் தடுப்புக் கட்டையின் சுவிட்சோடு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஏன்மா இந்த அடம்?" என்றார் செயலாளர். "நீ படிச்ச பொண்ணு. நான் சொல்றத கேளு. காவிரி கலாட்டா டைம்ல என் ஸ்கூட்டர நிறுத்தி, பேசுன்னாங்க. சுத்தி பத்து பேரு, கைல கட்டை. நான் பேசின கன்னடத்த கேட்டுட்டு, 'நம்மண்ணனே, ஹோகி சார்'னு வழி விட்டாங்க. தப்பிச்சேன்னா அதனாலதான். ஊரோட சேர்ந்து நடக்கணும்மா."

"உங்களுக்குப் பின்னாடி இன்னொரு ஸ்கூட்டர் வந்திருந்தா சார்? அந்த ஆளுக்கு கன்னடம் தெரியாம இருந்திருந்தா?"

அவருடைய முகம் ஒரு கணம் வேறாக இருந்தது. அப்படி ஒருவர் உண்மையில் வந்தாரோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "நாளைக்கு போலீஸு, டிவின்னு கேட்ல வந்து நின்னா, செக்ரெட்டரி யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. தமிழன்தான் உள்ள விட்டான்னு ஆகும். ஜோகுபாளையத்துல பொறந்தவன்னு எவனாவது பாப்பானா? அது உனக்குத் தெரியாது. நீ நேத்து வந்தவ."

அவர் பயந்திருந்தார். அது எனக்குப் புரிந்தது. என்னைப் போலவே பயந்திருந்தார், எனக்கு முன்பே பல வருடங்களாக. அந்தப் பயத்தை இன்னொருத்தி தலையில் இறக்கிவைத்தால் தனக்குப் பாரம் குறையும் என்று நம்பினார்.

"அவ பொண்ணு இங்க கவர்மென்ட் ஸ்கூல்ல கன்னட மீடியம் படிக்கிறா சார். நம்ம காம்ப்ளெக்ஸ்ல எத்தனை கொழந்தைங்க கன்னடத்துல படிக்குது? யாரு ஊரோட சேர்ந்து நடக்கறா?"

அவர் காலாவின் பக்கம் திரும்பினார். "ஏய், இங்க பாரு. பானின்னு சொல்வியா, ஜோல்னு சொல்வியா? எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு உள்ள போ."

இவ்வளவுதான். ஒரு சொல். காலா ஏற்கெனவே அதைச் சொல்லிப் பழகியிருந்தாள். வாய் திறப்பது தெரிந்தது. அவள் ஜோல் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் மானம் தப்பியிருக்கும், எங்களுக்கும் கேட் திறந்திருக்கும், நானும் நேரத்துக்கு வேலைக்குப் போயிருப்பேன்.

"சொல்லாதீங்க" என்றேன்.

அவளிடம் நான் அதுவரை பன்மையில் பேசியதில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

"சொல்லாதீங்க காலா. அவர் கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம். சார், போலீஸ் வரட்டும். அவங்க முறையா கேக்கட்டும், இவங்க முறையா பதில் சொல்லுவாங்க, நான் கூட நிப்பேன். உங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் எந்த வார்த்தையும் சொல்றதா இல்ல."

மகள் என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டு செயலாளரையே பார்த்தாள். காலா வாயை மூடிக்கொண்டாள். வாயாடியான அவள் அப்படி இறுக மூடி நான் பார்த்ததே இல்லை. பின்னால் வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாமும். யாரோ கன்னடத்தில் திட்டினார்கள், யாரோ தெலுங்கில், யாரோ இந்தியில். ஒடிசாக்காரர் சுவிட்சை அழுத்திவிட்டார். வேன்களுக்காக அழுத்தினாரா, எங்களுக்காகவா, நான் கேட்கவில்லை. வேன்களோடு சேர்ந்து காலா உள்ளே வந்தாள்.

வென்றுவிட்டேன் என்று சொல்ல முடியாது. சில நாளில் வீட்டு உரிமையாளர் போன் செய்தார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் பேசினார். ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்கப்போவதில்லை, கமிட்டியோடு தனக்கு வம்பு வேண்டாம் என்றார். கணவர் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் கேட்டுக்கு இறங்கக் கிளம்பியபோது மகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு நான் போய் கூட்டிட்டு வரேன். நீ மீட்டிங்குக்குப் போ. அடுத்த தடவ சண்ட போடறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு வார்த்த சொல்லு." அன்றிலிருந்து மாற்றி மாற்றி இறங்கினோம்.

செய்தது சரியா என்று இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மகளுக்கு அந்தத் திடல் போயிற்று. காலாவை ஊர் வாயில் நான்தான் இன்னும் பெரிதாக நிறுத்திவிட்டேனோ என்றும் தோன்றும். அவளிடமே கேட்டேன். "அதெல்லாம் யோசிச்சா சோறு எறங்காது தீதி. வீடு பாக்க எப்ப போறோம்?" என்றாள்.

மூவரும் போனோம், அவள், நான், மகள். அடுக்குமாடிகளுக்குப் பின்னாலிருக்கும் பழைய ஊர்ப் பகுதியில் ஒரு தனி வீட்டின் மாடி. கேட் என்று ஓர் இரும்புக் கதவு, பூட்டுக்கூட இல்லை. உரிமையாளரான அம்மாள் கோலமிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நிம்தூ யாவூரு?" என்று ஊரைக் கேட்டார். சொன்னேன். தமிழா என்றார். ஆமாம் என்றேன். வாடகை சொன்னார், கறி சமைப்பீர்களா என்றார், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு காலாவை மேலும் கீழும் பார்த்து, "இவரு?" என்றார்.

என்னிடம் கன்னடம் கொஞ்சம்தான் உண்டு. இருந்ததைத் திரட்டினேன்.

"நம் ஜொதெ பந்திரோரு" என்றேன். எங்களோடு வந்தவர்.

அவர் இன்னும் ஏதாவது வருமா என்று என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.